எத்தனையாவது லூயி? ஐரோப்பிய அரசர்களின் பெயர்களில் குழம்பாமலிருக்க ஒரு வழிகாட்டி

ஐரோப்பிய வரலாறு படிக்க உட்காருகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே வரும் தலைவலி ஒன்று உண்டு. எல்லா ராஜாவுக்கும் ஒரே பெயர். பிரான்சைத் திறந்தால் லூயி, லூயி, லூயி. இங்கிலாந்தில் ஹென்றி எட்டுப் பேர், எட்வர்டு எட்டுப் பேர், ஜார்ஜ் ஆறு பேர். நான் படிக்கத் தொடங்கிய காலத்தில், மார்ட்டின் லூதரை விசாரித்த புனித ரோமப் பேரரசர் 'ஐந்தாம் சார்லஸ்' யார் என்று தேடப் போய், ஒரு சாயங்காலம் முழுக்க பிரான்சின் ஐந்தாம் சார்லஸைப் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் 1380-இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். லூதர் பேரரசர் முன் நின்றது 1521-இல். மூன்று பக்கம் எழுதிய பிறகுதான் உறைத்தது.

அந்த அவஸ்தை உங்களுக்கு வேண்டாம். கீழே உள்ள வரிசையில் போனால் போதும். போகிற வழியெல்லாம் ஒரு கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்த எண்ணை எண்ணியது யார்? பெரும்பாலான குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும்.

படி 1: பெயர், எண், நாடு, ஆண்டு நான்கையும் சேர்த்தே எழுதுங்கள்

'இரண்டாம் சார்லஸ்' என்று மட்டும் குறிப்பேட்டில் எழுதாதீர்கள். 1670-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். லண்டனில் இரண்டாம் சார்லஸ் (1660–1685). அதே நேரத்தில் மத்ரித்தில் இன்னொரு இரண்டாம் சார்லஸ் (1665–1700). ஸ்டாக்ஹோமில் பதினோராம் சார்லஸ் (1660–1697). சரி, வேறு ஏதாவது அடையாளம் வைத்துப் பிரித்துக்கொள்ளலாம் என்று நினைத்து, 'வாரிசு இல்லாமல் இறந்தவர்' என்று எழுதினால் அதுவும் உதவாது. இங்கிலாந்துக்காரருக்குக் காதலிகள் வழியே பிள்ளைகள் ஏராளம், ஆனால் அரியணைக்கு உரிமையுள்ள பிள்ளை ஒன்றுகூட இல்லை. ஸ்பெயின்காரர் இரண்டு திருமணம் செய்தும் பிள்ளையே இல்லை. முன்னவருக்குப் பின் தம்பி ஜேம்ஸ் பட்டத்துக்கு வந்தார். பின்னவருக்குப் பின் ஐரோப்பாவே அடித்துக்கொண்டது, 1701-இல் தொடங்கி 1714 வரை. எனவே 'இரண்டாம் சார்லஸ், ஸ்பெயின், 1665–1700' என்று முழுசாக எழுதுங்கள். கை வலித்தாலும் பரவாயில்லை.

எண்ணே உதவாத இடங்களும் உண்டு. பிரான்சில் 1587 முதல் 1589 வரை நடந்த சண்டைக்கு 'மூன்று ஹென்றிகளின் போர்' என்றே பெயர். ஒருவர் வலுவா வம்சத்து அரசர் மூன்றாம் ஹென்றி. இன்னொருவர் கத்தோலிக்கர் தரப்பின் தலைவரான கீஸ் பிரபு ஹென்றி. மற்றவர் புராட்டஸ்டன்டான நவார் அரசர் ஹென்றி. 1588 டிசம்பரில் ப்ளுவா அரண்மனையில் அரசர் ஆள்வைத்துக் கீஸைக் கொன்றார். எட்டு மாதத்தில் ஒரு துறவி அரசரைக் குத்திக் கொன்றார். மிஞ்சிய நவார் ஹென்றிதான் பிறகு பிரான்சின் நான்காம் ஹென்றி. அவரையும் 1610-இல் ஒருவன் குத்தித்தான் கொன்றான் என்பது வேறு கதை. இந்த மாதிரி இடத்தில் ஊர்ப் பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள்: கீஸ், நவார், வலுவா.

ரோமன் எண்களுக்குப் பயப்பட வேண்டாம். ஐ ஒன்று, வி ஐந்து, எக்ஸ் பத்து. சிறியது பெரியதற்கு முன்னால் வந்தால் கழிக்க வேண்டும், பின்னால் வந்தால் கூட்ட வேண்டும். அரசர்களைப் பொறுத்தவரை இருபதைத் தாண்டி அநேகமாகப் போகாது. ஒரே ஒரு விதிவிலக்கு, ஜெர்மனியில் ராய்ஸ் என்ற குட்டி அரச குடும்பம். பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பேரரசர் ஆறாம் ஹைன்ரிஹின் நினைவாக, அந்த வீட்டில் பிறக்கும் ஆண் பிள்ளைகள் எல்லோருக்கும் ஹைன்ரிஹ் என்றே பெயர். ஆளப் போகிறவருக்கு மட்டும் அல்ல, பிறக்கிற அத்தனை பேருக்கும் எண். 1848-இல் பட்டம் துறந்தவர் எழுபத்திரண்டாம் ஹைன்ரிஹ். அதற்கு எல் என்ற எழுத்து, அதாவது ஐம்பது, தேவைப்படும். ஒரு கிளையினர் நூறு வரை எண்ணிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவது என்றும், மற்றொரு கிளையினர் நூற்றாண்டு பிறந்தால் புதுக் கணக்கு என்றும் வைத்துக்கொண்டார்கள். அந்த வீட்டில் சாப்பாட்டுக்குப் பிள்ளைகளை எப்படிக் கூப்பிட்டிருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

படி 2: ஒரே பெயர், ஊருக்கு ஊர் வேறு வாய்

இங்கிலீஷில் சார்லஸ் என்பவர் பிரான்சில் ஷார்ல், ஜெர்மனியிலும் ஸ்வீடனிலும் கார்ல், ஸ்பெயினில் கார்லோஸ், இத்தாலியில் கார்லோ. வில்லியம் என்பவர் வில்ஹெல்ம், வில்லெம், கியோம். ஹென்றி என்பவர் ஹைன்ரிஹ், ஆன்ரி, என்ரிக்கே. ஜான் என்பது யோஹான், ழான், ஹுவான், ஜுவாவ், இவான் என்று ஊர் ஊராக வேஷம் மாற்றும். தமிழ் பைபிளில் யோவான் என்று படித்தவர்களுக்கு இவான் அவ்வளவு தூரமாகத் தெரியாது. ஜேம்ஸ் என்பதுதான் ஆளை ஏமாற்றும். அது யாக்கோபு. நாட்டைவிட்டு ஓடிய இரண்டாம் ஜேம்ஸின் ஆதரவாளர்களை 'ஜாக்கபைட்டுகள்' என்று ஏன் சொல்கிறார்கள் என்பது இது தெரிந்தால்தான் புரியும்.

லூயி என்ற பெயரின் பூர்வீகம் இன்னும் சுவையானது. ஃபிராங்கிய அரசர் க்ளோவிஸின் பெயரில் முன்னால் இருந்த 'க்' தேய்ந்து போனால் மிஞ்சுவதுதான் லூயி. ஜெர்மனியில் அதே பெயர் லுட்விக். க்ளோவிஸின் வம்சத்தை ஒதுக்கிவிட்டு ஆட்சிக்கு வந்த குடும்பத்தில் பிறந்தவர் ஷார்லமேன். அவர் தன் மகனுக்கு அந்தப் பழைய வம்சத்தின் பெயரையே வைத்தார். வீட்டைப் பிடித்துக்கொண்டு வாசலில் பழைய சொந்தக்காரரின் பெயர்ப்பலகையையும் மாட்டிக்கொள்வது போலத்தான். அந்த மகன்தான் முதலாம் லூயி. பதினெட்டு வரை ஓடிய கணக்கு அங்கே தொடங்குகிறது.

உங்கள் குறிப்பேட்டில் அந்தந்த நாட்டின் உச்சரிப்பையே வைத்துக்கொள்வது என் யோசனை. ஸ்வீடன்காரரை கார்ல் என்றும் ஸ்பெயின்காரரை கார்லோஸ் என்றும் எழுதினால் பாதிக் குழப்பம் அங்கேயே போய்விடும். தமிழ்ப் புத்தகங்கள் இங்கிலீஷ் வழியே வந்ததால் எல்லோரும் சார்லஸாகவே இருப்பார்கள். அதைப் படிக்கும்போதே மனதில் மாற்றிக்கொள்ள வேண்டும்.

படி 3: எண்ணத் தொடங்கிய இடத்தைக் கண்டுபிடியுங்கள்

'முதலாம் எட்வர்டு' என்றால் இங்கிலாந்தில் எட்வர்டு என்ற பெயருள்ள முதல் அரசர் என்றுதானே நினைப்போம்? கிடையாது. 1066-இல் நார்மன்கள் வந்து பிடிப்பதற்கு முன்பே மூன்று எட்வர்டுகள் ஆண்டிருக்கிறார்கள். அவர்களில் கடைசியானவர் புனிதராகவே வணங்கப்பட்டவர். அவர்மேல் மூன்றாம் ஹென்றிக்கு அளவுகடந்த பக்தி. அதனால்தான் மகனுக்கு அந்தப் பெயரை வைத்தார். அந்த மகன் 1272-இல் அரசரானார். பிறகு அவர் மகன், பேரன் என்று அடுத்தடுத்து மூன்று எட்வர்டுகள் வந்ததும் யார் யார் என்று எழுத்தர்களுக்குக் குழம்பிவிட்டது. 'வெற்றிக்குப் பிந்தைய மூன்றாம் எட்வர்டு' என்று எழுதினார்கள். நாளடைவில் 'வெற்றிக்குப் பிந்தைய' என்பது உதிர்ந்துபோய் எண் மட்டும் நின்றது. முன்னால் இருந்த மூவரும் கணக்கில் வரவில்லை.

ஸ்வீடனில் இதற்கு நேர் எதிர். அங்கே இல்லாதவர்களையும் எண்ணியிருக்கிறார்கள். நாட்டைவிட்டு வெளியேறிய பேராயர் யொஹான்னஸ் மாக்னுஸ் ஸ்வீடிஷ் அரசர்களின் வரலாறு ஒன்றை எழுதினார். அவர் இறந்த பிறகு 1554-இல் ரோமில் அச்சானது. நோவாவின் பரம்பரையிலிருந்தே தொடங்கி, கற்பனை அரசர்களை வரிசையாக அடுக்கியிருந்தார். அந்தப் பட்டியலை நம்பி 1560-இல் பட்டத்துக்கு வந்த எரிக் தன்னைப் பதினான்காம் எரிக் என்று அழைத்துக்கொண்டார். அவர் தம்பி கார்ல் 'ஒன்பதாம் கார்ல்' ஆனார். ஒன்று முதல் ஆறு வரையிலான கார்ல்கள் யாருமே இருந்ததற்கு ஆதாரம் கிடையாது. 1973 முதல் ஆளும் இன்றைய அரசர் பதினாறாம் கார்ல் குஸ்தாவ், நிஜக் கணக்கில் பத்தாவது கார்ல். பொய் என்று தெரிந்த பிறகும் மாற்றவில்லை. மாற்றினால் நாநூறு ஆண்டு ஆவணங்களை எல்லாம் திருத்த வேண்டுமே.

இன்னொன்று: ஒரே ஒருவர்தான் இருந்திருக்கிறார் என்றால் இங்கிலாந்தில் எண் போட மாட்டார்கள். விக்டோரியாவுக்கு எண் இல்லை. இன்னொரு விக்டோரியா வந்தால்தான் இவர் 'முதலாம்' ஆவார். ஸ்பெயினில் அப்படி இல்லை, ஹுவான் கார்லோஸ் ஆண்டபோதே முதலாம் ஹுவான் கார்லோஸ்தான்.

படி 4: நடுவில் ஓர் எண் காணவில்லையா? அங்கே நிறுத்திப் படியுங்கள்

பிரான்சில் பதினாறாம் லூயிக்கு அடுத்து ஆண்ட லூயி பதினெட்டாமவர். பதினேழு எங்கே? அச்சுப்பிழை என்று தாண்டிவிடாதீர்கள்.

பதினாறாம் லூயியை 1793 ஜனவரி 21 அன்று கில்லட்டினில் வெட்டினார்கள். அதற்கு முன்பே அவருடைய பெயரைப் பறித்துவிட்டார்கள். புரட்சி அரசு அவரை 'லூயி கப்பே' என்றது. எட்டு நூற்றாண்டுக்கு முந்தைய மூதாதையான ஹியூ கப்பேயின் பட்டப்பெயரைக் குடும்பப்பெயராக ஒட்டவைத்தது. அது என் பெயரல்ல, என் முன்னோரின் பெயர் என்று அவர் சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. அவருடைய மகன் தம்ப்ள் சிறையில் அடைபட்டு 1795-இல் பத்து வயதில் இறந்தான். ஒருநாள்கூட ஆளவில்லை, முடிசூடவில்லை. ஆனால் அரச ஆதரவாளர்கள் கணக்கில், அப்பா தலை விழுந்த கணமே பிள்ளை அரசன். அந்தச் சிறுவன்தான் பதினேழாம் லூயி.

சிறுவனின் சித்தப்பா 1814-இல் திரும்பி வந்து அரியணை ஏறியபோது தன்னைப் பதினெட்டாம் லூயி என்றார். அவர் வெளியிட்ட அரசியல் சாசனத்தின் கீழே 'எமது ஆட்சியின் பத்தொன்பதாம் ஆண்டு' என்று தேதி போட்டார். நடுவில் குடியரசு, நெப்போலியன் எல்லாம் வந்து போனது நடக்கவே இல்லை என்ற பாவனை. அந்த ஒரு எண்ணுக்குள் அவ்வளவு பிடிவாதம் இருக்கிறது.

நெப்போலியன் தரப்பும் அதையே செய்தது. 1815-இல் நான்கு வயதுக் குழந்தையாகப் பேருக்கு ஒரு பதினைந்து நாள் பேரரசராக இருந்த மகனை 'இரண்டாம் நெப்போலியன்' என்று கணக்கில் வைத்துக்கொண்டு, 1852-இல் வந்தவர் மூன்றாம் நெப்போலியன் ஆனார்.

படி 5: ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று எண்கள்

என் ஒரு சாயங்காலத்தைத் தின்ற ஐந்தாம் சார்லஸ் இந்த வகை. பேரரசர் என்ற முறையில் அவர் ஐந்தாம் கார்ல், ஸ்பெயின் அரசர் என்ற முறையில் முதலாம் கார்லோஸ். அவர் மகன் ஸ்பெயினில் இரண்டாம் ஃபெலிப்பே, 1580-க்குப் பின் போர்ச்சுகலில் முதலாம் ஃபிலிப்பே. ஸ்காட்லாந்தின் ஆறாம் ஜேம்ஸ் 1603-இல் இங்கிலாந்துக்கும் அரசரானபோது அங்கே முதலாம் ஜேம்ஸ். இத்தாலியில் ஒருவர் நேப்பிள்ஸில் நான்காம் ஃபெர்டினாண்டு, சிசிலியில் மூன்றாம் ஃபெர்டினாண்டு. 1816-இல் இரண்டையும் இணைத்து ஒரே ராஜ்யமாக்கி முதலாம் ஃபெர்டினாண்டு ஆனார். வயது ஏற ஏற எண் குறைந்தது.

1861-இல் இத்தாலி ஒரே நாடானபோது முதல் அரசர், தான் அதுவரை ஆண்ட சார்டீனிய ராஜ்யத்தின் கணக்கை விடாமல் இரண்டாம் விக்டர் இமானுவேல் என்றே இருந்துவிட்டார். புது நாட்டின் முதல் அரசர் 'இரண்டாம்' என்றால், இது புது நாடா, அல்லது பழைய ராஜ்யம் பெரிதானதா? அன்றே பலருக்கு உறுத்தியது. 1878-இல் பட்டத்துக்கு வந்த மகன் உம்பெர்ட்டோ, குடும்பக் கணக்கில் நான்காமவர் என்றாலும், 'முதலாம்' என்று தொடங்கினார்.

எண் ஒன்றுக்காகக் குண்டு வெடித்ததும் உண்டு. 1952-இல் எலிசபெத் பட்டத்துக்கு வந்தபோது 'இரண்டாம்' என்று அறிவித்தார்கள். முதலாம் எலிசபெத் இங்கிலாந்துக்கு மட்டும்தான் அரசி, ஸ்காட்லாந்தை ஆண்டதில்லை. எங்களுக்கு இவர்தான் முதல் எலிசபெத் என்று ஸ்காட்லாந்தில் கோபப்பட்டார்கள். எடின்பரோவில் புது அரசியின் எண்ணோடு நட்ட சிவப்புத் தபால் பெட்டியைச் சேதப்படுத்திப் பார்த்தார்கள், கடைசியில் 1953 பிப்ரவரியில் வெடிவைத்தே தகர்த்தார்கள். அதன் பிறகு ஸ்காட்லாந்துத் தபால் பெட்டிகளில் எண் இல்லாமல் ஸ்காட்லாந்துக் கிரீடம் மட்டும் பொறித்தார்கள். இரண்டு நாட்டுக் கணக்கில் எது பெரிய எண்ணோ அதை வைத்துக்கொள்ளலாம் என்று பிரதமர் சர்ச்சில் யோசனை சொன்னார். அதன்படி இனி ஒரு ஜேம்ஸ் வந்தால் அவர் எட்டாம் ஜேம்ஸ்.

படி 6: தொட்டிலில் வைத்த பெயர் வேறாக இருக்கலாம்

கடிதங்களும் நாட்குறிப்புகளும் படிக்கும்போது இது தெரியாவிட்டால் திண்டாட்டம். பிரிட்டனின் ஆறாம் ஜார்ஜ் வீட்டில் 'பெர்ட்டி', ஏனென்றால் முதல் பெயர் ஆல்பர்ட். அவருடைய அண்ணன் எட்டாம் எட்வர்டு வீட்டில் 'டேவிட்'. அவர்களின் தாத்தா ஏழாம் எட்வர்டும் ஆல்பர்ட்தான், அவரும் 'பெர்ட்டி'தான். ரஷ்யாவின் இரண்டாம் கேத்தரின் ஜெர்மனியில் சோஃபி என்ற பெயரோடு பிறந்தவர். 1744-இல் ஆர்த்தடாக்ஸ் சபையில் சேர்ந்தபோதுதான் கேத்தரின் ஆனார்.

ராசியில்லாத பெயரும் உண்டு. 1390-இல் ஸ்காட்லாந்தின் பட்டத்துக்கு வந்தவரின் பெயர் ஜான். ஜான் என்ற பெயரில் ஆண்டவர்கள் பட்ட பாட்டைப் பார்த்து, ராபர்ட் என்று மாற்றிக்கொண்டார். இங்கிலாந்திலும் முதல் ஜானுக்குப் பிறகு இன்னொரு ஜான் வரவே இல்லை. நெதர்லாந்தின் வில்லெம் அலெக்சாண்டருக்கோ எண்ணே பிடிக்கவில்லை. நான்காம் வில்லெம் என்றால் மேய்ச்சல் நிலத்தில் முப்பத்தெட்டாம் பெர்த்தாவின் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கும் என்று இளவரசராக இருந்தபோதே சொன்னார். பெர்த்தா என்பது அங்கே பசுமாட்டுக்கு வைக்கும் பெயர். 2013-இல் எண் இல்லாமலே பட்டத்துக்கு வந்தார்.

ஆனால் பெயர் மாற்றத்தில் எனக்கு மிகப் பிடித்தது நார்வேயின் கதை. 1905-இல் நார்வே ஸ்வீடனிடமிருந்து பிரிந்து தனக்கென ஓர் அரசரைத் தேடியது. கிடைத்தவர் டென்மார்க் இளவரசர் கார்ல். அந்தப் பெயரோடே போயிருந்தால் நார்வேக்காரர்களுக்கு அந்நிய அரசர்களின் ஞாபகம்தான் வந்திருக்கும். அதனால் அவர் ஹாகோன் என்ற பழைய நார்வேப் பெயரை எடுத்துக்கொண்டார். முந்தைய ஹாகோன், அதாவது ஆறாமவர், இறந்தது 1380-இல். ஐந்நூறு ஆண்டுக்கு மேல் விட்டுப்போன வரிசையை, நேற்றுத்தான் நின்றது போல, ஏழாம் ஹாகோன் என்று தொடர்ந்தார். இரண்டு வயது மகன் அலெக்சாண்டர் ஓலாவ் ஆனான். அந்தத் தேர்வு வீண்போகவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் நாட்டைப் பிடித்தபோது, ஹெச் எழுத்தின் நடுவில் 7 என்ற எண்ணைப் பின்னிய அரசரின் முத்திரையை மக்கள் சுவர்களில் கிறுக்கினார்கள், பனியில் வரைந்தார்கள். இறக்குமதியான அரசரின் எண், எதிர்ப்பின் சின்னமாகிவிட்டது.

படி 7: பழகிப் பார்க்க டென்மார்க்கிலிருந்து தொடங்குங்கள்

இதுவரை படித்ததைக் கைப்பழக்கமாக்க டென்மார்க்கை விட எளிய இடம் இல்லை. 1513 முதல் அங்கே அரசர் என்றால் கிறிஸ்டியன், அடுத்து ஃபிரெடரிக், மறுபடி கிறிஸ்டியன். மாறவே இல்லை. 1972-இல் இரண்டாம் மார்கரெத்தே அரசியானபோது வரிசை அறுந்துவிடுமோ என்று தோன்றியது. அவரோ தன்னை ஒரு கிறிஸ்டியனுடைய இடத்தில் வைத்துக்கொண்டு மூத்த மகனுக்கு முன்பே ஃபிரெடரிக் என்று பெயர் வைத்திருந்தார். அவர்தான் 2024 ஜனவரி 14 முதல் பத்தாம் ஃபிரெடரிக். அவருடைய மகன் பெயரைச் சொல்லவே வேண்டாம். அப்பா பெயர் பிள்ளைக்கு வராது, தாத்தா பெயர் வரும். 'பெயரன்' என்பதிலிருந்துதான் பேரன் என்ற சொல்லே வந்தது என்று தெரிந்த நமக்கு இது புதிதல்ல.

ஒரு தாளில் எழுதத் தொடங்குங்கள்: நான்காம் கிறிஸ்டியன் 1588, மூன்றாம் ஃபிரெடரிக் 1648, ஐந்தாம் கிறிஸ்டியன் 1670, நான்காம் ஃபிரெடரிக் 1699, ஆறாம் கிறிஸ்டியன் 1730, ஐந்தாம் ஃபிரெடரிக் 1746, ஏழாம் கிறிஸ்டியன் 1766, ஆறாம் ஃபிரெடரிக் 1808, எட்டாம் கிறிஸ்டியன் 1839. இந்த ஒன்பது பேரை மட்டும் எடுத்ததற்குக் காரணம் உண்டு. இவர்கள்தான் தரங்கம்பாடிக்கும் அரசர்கள். தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620-இல் ஒப்பந்தம் போட்டுக் கோட்டை கட்டியது நான்காம் கிறிஸ்டியன் காலத்தில். 1706-இல் அங்கே வந்திறங்கிய மதபோதகர் சீகன்பால்கை அனுப்பியவர் நான்காம் ஃபிரெடரிக். 1845-இல் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றது கடைசியானவர் ஆட்சியில்.

அந்த டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியில் புழங்குவதற்கென்று அடித்த சின்னச் சின்னக் காசுகள் உண்டு. ஒன்றின் படம் கிடைத்தால் பெரிதாக்கிப் பாருங்கள். முகமும் இருக்காது, முழுப் பெயரும் இருக்காது. மேலே ஒரு கிரீடம், கீழே சி என்ற வளைந்த எழுத்து, அதன் வயிற்றுக்குள் 7. மறுபுறம் தேய்ந்திருந்து ஆண்டு தெரியாவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் தாளை எடுத்துக்கொள்ளுங்கள்: சி என்றால் கிறிஸ்டியன், 7 என்றால் 1766-க்கும் 1808-க்கும் நடுவில். மனநிலை சரியில்லாமல், அரண்மனை மருத்துவர் ஸ்ட்ருவன்சேயிடம் ஆட்சியையே விட்டுவிட்ட அந்த ஏழாம் கிறிஸ்டியனின் காசு அது. எஃப் என்ற எழுத்தோடு இன்னொரு காசு கிடைத்தால், எண்ணை மட்டும் பாருங்கள். மூன்றா, நான்கா, ஐந்தா, ஆறா என்பதை வைத்து மீதியை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.